பூட்டாணி

9 ஜூன் 2025

அன்புள்ள கோகுலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். ரமாவுக்கு மசக்கை குறைந்ததா, சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்று முதலில் எழுது.

கையில் போன் இருக்கும்போது கவரும் ஸ்டாம்பும் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இந்த விஷயத்தை நான் போனில் பேச மாட்டேன், வாட்ஸாப்பில் எழுத மாட்டேன். கவரின் பின்னால் அனுப்புநர் முகவரிகூட எழுதவில்லை. பூனாவில் எங்கள் வானவடியில் தபால் பெட்டி இல்லாமல் இல்லை. இருந்தாலும் மாமா டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போன சாக்கில் அவர் வேலை செய்கிற கட்கி வரை ஸ்கூட்டியில் போய், பக்கத்தில் போபோடியில் ஒரு பெட்டியில் போடப்போகிறேன். முத்திரையில் வேறு ஊர்ப்பெயர் விழட்டும்.

நான் ஒன்பது வருடமாக ஒரு இணைய மன்றத்தில் எழுதுவது உனக்கு அரைகுறையாகத் தெரியும். அதன் பெயர் சாவித்துவாரம். கம்ப்யூட்டர், கேம்ஸ், அந்தரங்கம், இணையச் செய்தி என்று நாலாயிரம் பேர் தமிழில் பேசுகிற இடம். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அங்கே சண்டையை விலக்கிவிடுகிறவர்களில் ஒருத்தி நான். என் பெயர் மோர்மிளகாய். ரிட்டையரான ஆண்பிள்ளை என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், நானும் திருத்தவில்லை.

எங்கள் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் கையில் ஒரு ஆப் இருக்கிறது. வருகிறவரின் பெயர், நம்பர், போட்டோ, வந்த நேரம் எல்லாம் அதில் ஏறும். வருகிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு லிங்க் போகும். அந்த லிங்கில் ஒரு எண்ணை மாற்றினால் அடுத்த வீட்டு விவரம் வருகிறது. பாஸ்வேர்ட் கிடையாது, யார் என்ற கேள்வி கிடையாது. மூன்றாம் மாடியில் ஷீலா என்று ஒரு ஸ்கூல் டீச்சர் இருக்கிறாள். புருஷன் அருகில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கியிருக்கிறாள். அவன் பார்சல் கொடுப்பவன் மாதிரி ஒரு தடவை வந்து லிங்க்கைப் பிடித்துக்கொண்டு, அவள் வருகிற நேரம் போகிற நேரமெல்லாம் பார்த்து, ஒரு சனிக்கிழமை கேட்டில் நின்றுவிட்டான். அவள் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்திருந்ததை நான் பார்த்தேன். இப்போது கோந்த்வாவில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். அந்தக் கட்டடத்திலும் அதே ஆப்.

கம்பெனிக்கு இரண்டு தடவை மெயில் போட்டேன், பதில் இல்லை. மே மாதம் சாவித்துவாரத்தில் எழுதிவிட்டேன். ஷீலாவின் பெயர் இல்லை, எண்ணை எப்படி மாற்றுவது என்பதும் இல்லை. ஒரு செய்தித் தளம் அதை எடுத்துப் போட்டது. இப்போது கம்பெனி, எழுதிய ஆளைக் கண்டுபிடித்துப் போலீஸில் புகார் கொடுப்போம் என்கிறது.

அந்த ஆப்பை சொசைட்டிக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டவர் யார் என்று நினைக்கிறாய்? கமிட்டிப் பொருளாளர் மகாதேவன், அதாவது உன் மாமா, என் வீட்டுக்காரர். தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "எவனோ வேலைவெட்டி இல்லாத நாலாயக், உதவாக்கரை எழுதியிருக்கான் பாரு" என்கிறார். நான் ரசம் ஊற்றுகிறேன்.

அவருக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் ஒருத்தி மேல் போலீஸ் புகார் என்றால் அங்கே எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. என் பெயர் வெளியே வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை அறிந்தவன் இப்போது நீ ஒருவன். படித்ததும் கிழித்துப் போடு. உன் பதில் இங்கே என் மகள் வைஷு கையில் கிடைத்தால் பயமில்லை, அவள் எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் தீபாவளி வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் இருவரும்.

அன்புடன்,
அக்கா


கோவை
30 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோகுல் எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். ரமா இப்போது தயிர்சாதம் மட்டும் சாப்பிடுகிறாள், அது தங்குகிறது. மாமா, வைஷு, நீ எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

பதில் தாமதமாகிவிட்டது. புது வேலை, பழகுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. கிழித்துவிட்டேன்.

கொஞ்ச நாள் அங்கே எழுதாமல் இரு. எழுதியே தீர வேண்டுமென்றால் 'சொசைட்டி' என்று எழுதாதே. நம் ஊரில் சொசைட்டி என்றால் பால் ஊற்றுகிற இடம். அடுக்குமாடிக் குடியிருப்பை அப்படிச் சொல்கிறவர்கள் பூனாக்காரர்களும் மும்பைக்காரர்களும்தான். ஆட்டோவை ரிக்ஷா என்று எழுதாதே. காய்கறியை பாஜி என்று எழுதாதே. பதினேழு வருடம் அங்கே இருந்தது உன் தமிழில் தெரிகிறது.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மழையில் ஸ்கூட்டியில் அலையாதே.

உன் தம்பி,
கோகுல்


8 ஜூலை 2025

அன்புள்ள கோகுலுக்கு,

எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் தூக்கம் சரியில்லை, அதை நோய் என்று சொல்ல முடியாது. ரமாவின் காலில் வீக்கம் இருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்.

இருபத்தொரு நாள் கழித்து இத்தனை வரிதானா? அப்பா தபால் இலாகாவில் முப்பது வருடம் உழைத்தது வீண். 'பாஜி' என்று நான் எழுதவே இல்லையே என்று தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன், 2022இல், வெண்டைக்காய் விலை பற்றி ஒரு வெட்டி அரட்டையில். நீ அவ்வளவு தூரம் பின்னால் போய் எப்போது படித்தாய்?

இங்கே ஒரு கூத்து நடந்தது. கமிட்டித் தலைவர் கேஷவ் ராவுக்குச் சந்தேகம், அந்தப் பதிவில் சொல்லியிருப்பது நம் சொசைட்டிதானோ என்று. எழுத்து தமிழில் இருப்பதால் பிரிண்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமா கட்கியில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணப் பத்திரிகைக்கு மேல் தமிழ் படித்ததில்லை. நேராக என்னிடம் கொண்டுவந்து, "நீயே படிச்சுச் சொல்லு. எந்த ஊர் ஆளுன்னு தெரியுதா பாரு" என்றார். நான் எழுதியதை நானே சத்தமாகப் படித்தேன். ஷீலா விஷயம் வருகிற இடத்தை வேகமாகப் படித்துத் தாண்டினேன்.

ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். "பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, பூட்டாணியை வாசலிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்" என்ற வரி. "பூட்டாணியா? அது என்ன?" என்றார். "தெரியலைங்க. தூத்துக்குடிப் பக்கத்து வார்த்தையா இருக்கும்" என்றேன்.

அது நம் வார்த்தை. மூன்று வயதில் நீ சாவிக்கு வைத்த பெயர். பூட்டுக்கு ஆணி, அதனால் பூட்டாணி. அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். எழுதுகிற வேகத்தில் எனக்கும் வந்துவிட்டது. காலேஜில் கேம்ஸ் ஆடித் திரிந்தபோது நீயும் அதையே பெயராக வைத்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா?

சாவித்துவாரத்தில் புதிதாக அன்பன்77 என்று ஒருவன் வந்திருக்கிறான். தேனாகப் பேசுகிறான். "மோர்மிளகாய் அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கம்பெனியே உதவி செய்யுமே" என்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் 'மோர்மிளகாய் யார்' என்று தனித் திரியே போட்டு விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கேம் தன் கம்ப்யூட்டரைத் துழாவுகிறது என்று நாற்பது பக்கம் சண்டை போட்ட அதே ஆட்கள், விளையாட்டாக எனக்கு ஊர் கண்டுபிடிக்கிறார்கள்.

உன் புது வேலை என்ன என்று நீ சொல்லவே இல்லை.

அக்கா


கோவை
25 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ரமாவுக்கு வீக்கம் இல்லை. நீ தூக்கத்துக்கு மாத்திரை எதுவும் போட்டுக்கொள்ளாதே.

என் வேலை கஸ்டமர் சர்வீஸ் மாதிரிதான். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வார்த்தையை உடனே எடுத்துவிடு. சொசைட்டி போனாலும் போகட்டும், அதைப் பல்லாயிரம் பேர் சொல்கிறார்கள். இதை உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் சொல்கிறோம். அன்பன்77க்கு எந்தப் பதிலும் போடாதே. அவன் உன்னைக் கோபப்படுத்திப் பார்ப்பான், கோபத்தில்தான் ஆட்கள் ஊர்ப் பேச்சை விடுவார்கள். ஏதாவது திருத்துவதானால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திருத்து. அப்போது அவன் போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமையும் இருக்க மாட்டான்.

உன் தம்பி,
கோகுல்


4 ஆகஸ்ட் 2025

கோகுல்,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி ஆறு மணிக்கு மேல் போய் அந்த வார்த்தையை எடுத்துவிட்டுச் சாவி என்று போட்டேன். 'திருத்தப்பட்டது' என்று கீழே ஒரு வரி விழுந்தது. மறுநாளே ஒருவன் பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஏன் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்தார் என்று கேட்டுவிட்டான். இப்போது எல்லோரும் பூட்டாணி எந்த மாவட்டம் என்று பேசுகிறார்கள். யாருமே கவனிக்காத வார்த்தைக்கு நானே விளக்குப் பிடித்துவிட்டேன்.

அது போகட்டும். உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். அன்பன்77 ஆறு மணிக்குப் போய்விடுவான் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டான் என்று யார் சொன்னார்கள்? என் 2022 வெண்டைக்காயை நீ எதற்குத் தேடிப் படித்தாய்?

அன்பன்77 நீதானா?

அக்கா


29 ஆகஸ்ட் 2025

கோகுல்,

இருபத்தைந்து நாளாகப் பதில் இல்லை. ரமா நலமாக இருக்கிறாள் என்று அவள் வாட்ஸாப்பில் வைத்த போட்டோவிலிருந்து தெரிந்துகொண்டேன். உன் சுகம் தெரியவில்லை.

முந்தாநாள் இங்கே கணபதி வைத்தார்கள். டோல் மேளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆரத்திக்குக் கீழே போனால் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன், இவருக்குத் தெரியுமோ, அவருக்குத் தெரியுமோ என்று. கேஷவ் ராவ் மோதகம் கொடுத்து, "பாபி, தபியத் டீக் ஹை நா?" என்று கேட்டார். உடம்பு சரிதானே என்று சாதாரணமாகக் கேட்டதுதான். மோதகத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பெறுநர்: மோர்மிளகாய், முகவரி தெரியாது. அதை மன்றத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 14 வளைகாப்புக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நாத்தனார் கையால் முதல் வளையல் போட வேண்டும். நேரில் வந்து உன் முகத்தைப் பார்த்துத்தான் மற்றதைக் கேட்பேன்.

அக்கா


கோவை
5 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வளைகாப்புக்கு வராதே.

ஆமாம். அன்பன்77 நான்தான்.

கம்பெனிகளைப் பற்றி இணையத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று படித்து, இனிப்பாகப் பதில் போடுவது எங்கள் ஆபீஸ் வேலை. பிப்ரவரியில் சேர்ந்தேன். கேம்ஸ் கம்பெனியில் ஆட்களை நிறுத்திய பிறகு மூன்று மாதம் சும்மா இருந்தது உனக்குத் தெரியும். மே கடைசியில் இந்த ஆப் கம்பெனியின் வேலை எங்களுக்கு வந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவன் என்று என் மேஜையில் போட்டார்கள். மோர்மிளகாய் யார், எந்த ஊர், இதுதான் கேள்வி.

உன் முதல் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டாணி என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டீம் லீடர் சந்துரு, "என்னங்க கோகுல், பேயைப் பாத்தாப்ல நிக்கறீங்க?" என்று கேட்டார். காபி கொட்டிவிட்டது என்றேன். அப்புறம் உன் கடிதம் வந்தது, இதை அறிந்தவன் நீ ஒருவன் என்று. அதனால்தான் பதில் அத்தனை தாமதம்.

நான் சும்மா இருந்தால் வேறு ஒருவரை உட்காரவைப்பார்கள். அதனால் அன்பன்77 என்று நானே வந்து, கேள்வி கேட்கிற மாதிரி கேட்டு, தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தனித் திரி ஆரம்பிப்பார்கள் என்று நினைக்கவில்லை. சொசைட்டி என்ற வார்த்தையை நான் மறைத்தும் சந்துரு கண்டுபிடித்துவிட்டார். பூனா அல்லது மும்பை என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். நீ அந்த வார்த்தையை எடுத்தபிறகு, "இதென்னங்க பூட்டாணி? எந்தூருப் பேச்சுங்க இது?" என்று கேட்டார். கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எடுக்கச் சொன்னது நான்தான், அந்தத் தப்பு என்னுடையது.

வளைகாப்புக்குச் சந்துருவும் ஆபீஸ் ஆட்களும் வருகிறார்கள். பூனாவிலிருந்து வந்த அக்கா என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோகுல்


12 செப்டம்பர் 2025

கோகுல்,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை, இருந்தாலும் ரமாவுக்காக விசாரிக்கிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் பார்சலில் வருகிறது. இங்கே கேம்ப் கடைத்தெருவில் வாங்கியது. உடையாமல் வர வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வைஷுவின் பழைய சாக்ஸில் சுற்றியிருக்கிறேன். ரமாவிடம் சொல், துவைத்த சாக்ஸ்தான்.

எனக்குக் கோபம். நீ காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் மூன்று மாதம் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த மேஜையில் உட்கார்ந்துகொண்டுதானே நினைத்திருப்பாய். ஒன்பது வருடமாக அந்த மன்றத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா, நம்மைப் பார்க்கிறவன் யார் என்று நமக்குத் தெரிய வேண்டும் என்று. எனக்குத் தெரியவில்லை. அது என் தம்பி.

அக்கா


கோவை
29 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமா? நாங்கள் மிகவும் நலம். வளையல் ஒன்றுகூட உடையவில்லை. சாக்ஸைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ரமாவுக்குப் பச்சை நன்றாக எடுக்கிறது.

நீ பயப்பட வேண்டாம். அந்த விஷயம் முடிந்துவிட்டது. இனிமேல் உன்னை யாரும் தேட மாட்டார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். பகலில் வீட்டில் இருப்பதால் சமையல் கற்றுக்கொள்கிறேன். நேற்று வைத்த குழம்பை ரமா இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

நீ நிம்மதியாகத் தூங்கு. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
கோகுல்


கோவை
9 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ரமா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் வயிற்றில் இருப்பதும் நலம் என்று டாக்டர் சொன்னார். நீங்கள், அண்ணன், வைஷு எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் பேசக்கூடாது என்றுதான் வாங்கினார், கடிதம் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் ஆபீஸில் அந்த வார்த்தையை இணையத்தில் தேடியிருக்கிறார்கள். அந்த மன்றத்தைத் தவிர ஒரே ஒரு இடத்தில் வந்திருக்கிறது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் இவர் காலேஜில் நடந்த கேம்ஸ் போட்டியின் முடிவு. முதல் பரிசு பூட்டாணி, அடைப்புக்குறிக்குள் கோகுல்நாத், மூன்றாம் ஆண்டு. அந்தப் பக்கத்தை யாரும் அழிக்காமல் விட்டுவிட்டார்களாம். சந்துரு அதை இவர் முன்னால் வைத்து, "மோர்மிளகாய் நீங்கதானுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, இவர் பெயருக்கு, இந்த வீட்டு முகவரிக்கு. எழுதியது அத்தனையும் பொய் என்று கையெழுத்துப் போட்டு, அந்தப் பதிவுகளை இவரே அழிக்க வேண்டும். 24ஆம் தேதிக்குள் செய்யாவிட்டால், உள்ளேயே இருந்து துரோகம் செய்ததாகப் போலீஸில் புகார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், ஒரு டீச்சர் விஷயம் இருக்கிறது என்று. அழிக்கவும் இவரால் முடியாது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். பாஸ்வேர்ட் இவரிடம் எப்போதுமே இருந்ததில்லை என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும்.

காலிங் பெல் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறார். குழம்பு நன்றாக இருந்தது என்று உங்களுக்கு எழுதினாராமே, அன்று அடுப்பில் வைத்ததையே மறந்துவிட்டார், அடி பிடித்துவிட்டது.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை அண்ணி. உங்களுக்குத் தெரியாமல் இது நடக்கக்கூடாது என்று தோன்றியது, அதனால் எழுதினேன்.

பணிவுடன்,
ரமா


17 அக்டோபர் 2025

அன்புள்ள கோகுலுக்கும் ரமாவுக்கும்,

மூன்று பேரும் சுகம் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் உண்மை அது இல்லை. மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. வைஷு மட்டும் சுகம். உங்கள் இருவர் உடம்பும், வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும்.

ரமா, சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்த நீ எங்கள் மன்றத்தில் சேர வேண்டியவள். கோகுல், அவளைத் திட்டாதே. திட்டினால் நான் வந்து உன்னைத் திட்டுவேன்.

கடிதம் வந்த அன்றே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோந்த்வாவுக்குப் போனேன். ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்துவிட்டால் என் தம்பி தப்பிப்பான், ஆனால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும் என்றேன். அவள் என்னை அழிக்கவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தாள், வாட்ச்மேன் கையில் இருந்த போனைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அரே, நீயா?" என்றார். அப்புறம், "நாலு மாசமா நான் திட்டத் திட்ட நீ பேசாம பரிமாறிக்கிட்டு இருந்தியா?" என்றார். அதற்கப்புறம்தான் அந்த இரண்டு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கமிட்டி ஃபைலை மேஜையில் வைத்தார். "இந்த அக்ரிமெண்ட்ல இருக்கிறது என் கையெழுத்து. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சவனுக்கு நேரம் பாத்துச் சொன்னது நான் கொண்டுவந்த ஆப்பு. முதல்ல இதை நான் நிறுத்தறேன். அப்புறம் நீ என்ன எழுதணுமோ எழுது" என்றார். அவர் வேலை என்ன ஆகும் என்று அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, அன்பன்77இன் ஆபீஸ் நேரத்திலேயே, மோர்மிளகாய் என்ற பெயரில் உள்ளே போனேன். என்னைத் தவிர யாராலும் அப்படிப் போக முடியாது. அந்தக் கணக்கின் பூட்டாணி என்னிடம்தானே இருக்கிறது. அது ஒன்றுதான் நீ எழுதவில்லை என்பதற்குச் சாட்சி.

ஆகஸ்டில் எடுத்த வார்த்தையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கீழே எழுதினேன்: இந்த வார்த்தையை உண்டாக்கியவன் என் தம்பி கோகுல்நாத். அப்போது அவனுக்கு மூன்று வயது. இந்தப் பதிவில் அவன் பங்கு அவ்வளவுதான். மற்ற ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது, ஒன்றும் பொய் இல்லை, ஒன்றையும் அழிக்க மாட்டேன். நோட்டீஸ் அனுப்ப முகவரி தெரியாது என்று சொன்னீர்கள், இதோ முகவரி. இப்படி எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. மகாதேவனில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தினேன். 'திருத்தப்பட்டது' என்று கீழே வந்தது, இருக்கட்டும்.

அப்புறம் 'மோர்மிளகாய் யார்' திரியை ஆரம்பித்தவனே வந்து, மன்னியுங்கள் அக்கா என்று எழுதிவிட்டு அதை மூடிவிட்டான். மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று இன்னும் படிக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. கீழே ஒரு ஜீப் நின்றால் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

கோகுல், அந்த நோட்டீஸோடு என் பதிவையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார். நானும் இங்கே பார்க்கிறேன். செப்டம்பரில் உன்மேல் கோபப்பட்டு எழுதியதைக் கிழித்துப் போடு. முதல் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தால் அதை வைத்துக்கொள்.

குழந்தை பிறந்ததும் வருவேன். பூனா அக்கா என்றே எல்லோரிடமும் சொல்லு. இந்தக் கடிதத்தை வைஷுவிடம் கொடுத்து, வாசலுக்கு எதிரே இருக்கிற பெட்டியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். கவரின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இந்தத் தடவை அட்ரஸ் ஃபுல்லா போட்டிருக்கியே" என்றாள்.

அனுப்புநர்:
கிருஷ்ணப்ரியா மகாதேவன்,
பி-504, சந்தன்வேல் சொசைட்டி,
வானவடி, புனே 411040.